பொருள் அ என்கிற ஜெராக்ஸ் அக்கா

ஜெராக்ஸ் அக்காவைவிட நான் இரண்டு வயது மூத்தவன். இருந்தாலும் நானும் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டேன். கல்லூரியில் முதல்வரிலிருந்து தோட்டக்காரர் வரை எல்லோருக்கும் அவர் அக்காதான். நேற்று சேர்ந்த பிள்ளையும் அக்கா என்பான், ஓய்வுபெறப் போகிற கணக்குப் பேராசிரியரும் அக்கா என்பார். அந்த மரியாதை ஆறு நாளில் காணாமல் போனது. அதற்குப் பிறகு அக்கா கேட்டது ஒரே ஒரு தாள். நடந்தது பொய் என்று எழுதி, கீழே யாராவது ஒருவர் கையெழுத்துப் போட்ட தாள். அதை வாங்க அவர் பட்ட பாட்டை நினைத்தால் இப்போதும் வாய் கசக்கிறது. அந்தக் கசப்பில் பாதி என்மேலேயே எனக்கு இருப்பது.

நான் தகவல் தொடர்பியல் துறையில் ஆய்வக உதவியாளர். கேமராவுக்கு பேட்டரி போடுவது, மைக்கைத் துடைப்பது, மாணவர்கள் பிய்த்துப் போட்ட ஒயர்களைச் சுருட்டி வைப்பது என் வேலை. சமூகத்தில் மனிதர்கள் ஒருவரோடொருவர் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்று எட்டுப் பேர் பாடம் நடத்தும் துறை அது. அந்த எட்டுப் பேரில் மூன்று பேர் வேறு மூன்று பேரோடு பேசுவதில்லை. மீதி இரண்டு பேர் தூது போவார்கள்.

அக்காவின் அறை கல்லூரி வாசலை ஒட்டி இருந்தது. முன்பு காவலாளிகள் சைக்கிள் நிறுத்திய இடம். எட்டடிக்கு ஏழடி, ஒரு ஜன்னல், ஒரு முக்காலி, இரண்டு மெஷின். இருபத்திரண்டு வருடம் அதற்குள்ளேயே இருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம், "மெஷினை யாரு பாத்துப்பாங்க?" என்பார். தம்பி வீட்டில் தம்பி, தம்பி மனைவி, அவர்கள் மகள் ஆகியோரோடு இருந்தார். தம்பி மகளும் எங்கள் கல்லூரியில்தான் இரண்டாம் வருடம் படித்தாள்.

எதைக் கொடுத்தாலும் அக்கா முதல் பக்கத்தைப் படித்துவிட்டுத்தான் கண்ணாடிமேல் வைப்பார். என்ன படிக்கிறீர்கள் என்று கேட்டால், "நேரா இருக்கான்னு பாக்குறேன்" என்பார். நேராக இருக்கிறதா என்று பார்க்க இரண்டு விநாடி போதும். அவர் கடைசி வரி வரைக்கும், அடிக்குறிப்போடு சேர்த்துப் படிப்பார். அதனால் பௌதிகம், சட்டம், வணிகவியல் என்று எல்லாப் பாடமும் எப்படி ஆரம்பிக்கும் என்று அவருக்குத் தெரியும். எந்தப் பாடமும் எப்படி முடியும் என்று தெரியாது. இன்னொரு பழக்கமும் இருந்தது. யாராவது அடையாள அட்டையைக் காப்பி எடுக்கக் கொடுத்து, காப்பி மங்கலாக விழுந்துவிட்டால், அதைக் கொடுத்தவர் கண்ணெதிரிலேயே நாலாகக் கிழித்துப் போடுவார். "உங்க முகம், எனக்கெதுக்கு?" என்பார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் துறைத்தலைவருக்கு மாணவர்கள் வைத்த பெயர் அம்புக்குறி. பலகையில் எதை எழுதினாலும் இரண்டு பெட்டி போட்டு நடுவில் ஓர் அம்பு இழுப்பார். விடுப்புக் கடிதத்தில்கூட அம்பு போட்டவர் என்று ஒரு வதந்தி உண்டு. அவர் தயாரித்த பாடக்குறிப்பு ஒன்று இருந்தது. ஒவ்வொரு வருடமும் புதிதாக வந்தவர்கள், முந்தைய வருடத்துப் பிள்ளைகளிடம் இருக்கும் காப்பியை வாங்கி அக்காவிடம் வந்து காப்பி எடுப்பார்கள். காப்பியின் காப்பி, அதன் காப்பி என்று இருபத்திரண்டு வருடம் ஓடியது. அதில் முக்கியமான படம் ஒன்று. இடப்பக்கம் அனுப்புநர், வலப்பக்கம் பெறுநர், நடுவில் செய்தி போகும் பாதை, பாதையின்மேல் இரைச்சல் என்று ஒரு கிறுக்கல். கீழே பெறுநரிடமிருந்து அனுப்புநருக்குத் திரும்பிவரும் மெல்லிய புள்ளிக்கோட்டு அம்பு. அதற்குப் பெயர் பின்னூட்டம். கேட்டவன் திருப்பிச் சொல்வது.

மெல்லிய கோடு என்பதால் அதுதான் முதலில் அழிந்தது. ஒன்பதாவது வருடம் அங்கங்கே நாலு புள்ளி மிச்சம் இருந்தது. பதினோராவது வருடம் அதுவும் இல்லை. அக்கா இதைக் கவனித்துவிட்டு அம்புக்குறியிடமே சொன்னார், நான் பக்கத்தில் இருந்தேன்.

"சார், கீழ ஒரு அம்பு இருந்துச்சு, அழிஞ்சு போச்சு. ஒரிஜினல் இருந்தா குடுங்க, புதுசா எடுத்து வெச்சிடறேன்."

"ஒரிஜினல் எங்கேயோ போச்சும்மா. பரீட்சைக்கு அது அவ்வளவு முக்கியமில்ல."

அன்றிலிருந்து பதினோரு வருடம் பிள்ளைகள் அந்த அம்பு இல்லாமலேயே படம் வரைந்தார்கள். முழு மதிப்பெண் வாங்கினார்கள். விடைத்தாள்களை என் ஆய்வகத்தில்தான் அடுக்கி வைப்பார்கள், அதனால் எனக்குத் தெரியும். யாரும் யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லாத படத்தை ஒரு தலைமுறையே மனப்பாடம் செய்துவிட்டு வேலைக்குப் போயிருக்கிறது.

போன வருடம் அம்புக்குறிக்கு ஒரு கட்டுரை தேவைப்பட்டது. தலைப்பு, டிஜிட்டல் ஊடகத்தில் செய்தி பரவும் விதம். வகுப்பில் ஐம்பத்திரண்டு பேர். ஒரு கற்பனைச் செய்தியை ஒரு குரூப்பில் விடுவது, யார் அதை யாருக்கு அனுப்புகிறார்கள், எந்த இடத்தில் அது மாறுகிறது, யார் சொன்னால் ஊர் நம்புகிறது என்று ஐம்பத்திரண்டு பேரும் சத்தம் போடாமல் குறித்துக்கொள்வது. ஏழு நாள். இதுதான் திட்டம். ஒரு திங்கட்கிழமை காலை ஆய்வகத்துக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டார்.

"வெள்ளிக்கிழமை ஜெராக்ஸ் கடை திறக்காது. இவ்வளவுதான் செய்தி. யாருக்கும் பாதிப்பு இல்ல, பாருங்க."

"அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டீங்களா சார்?"

"கேட்டா இயல்பா இருக்காதுய்யா."

துறையின் பயிற்சிக் கைப்பேசி என் மேசை இழுப்பறையில்தான் கிடக்கும். பெயரில்லாத எண், முகப்பில் ஒரு பூப்படம். எல்லாக் குரூப்பிலும் அப்படி யாரென்று தெரியாத நாலு எண்கள் உண்டு, யாரும் கேட்பதில்லை. அதிலிருந்து காலை பத்து பத்துக்குச் செய்தியை அனுப்பினேன். நேரத்தைக் குறிப்பேட்டில் எழுதினேன். பிறகு ஒயர் சுருட்டப் போய்விட்டேன்.

செவ்வாய்க்கிழமை, ஏன் திறக்காது என்று யாரோ கேட்க, சோதனைக்கு வருகிறார்கள் என்று யாரோ சொன்னார்கள். புதன்கிழமை, எடுக்கிற காப்பியெல்லாம் மெஷினுக்குள்ளேயே தங்கிவிடுமாம் என்று ஒரு மேதாவி கண்டுபிடித்தான். வியாழக்கிழமை காலை, பெண்பிள்ளைகளின் அடையாள அட்டைப் படங்களை எடுத்து வைத்து அக்கா யாருக்கோ கொடுக்கிறார் என்று ஆகிவிட்டது. மத்தியானம் ஜன்னல் வழியே பக்கவாட்டில் எடுத்த அக்காவின் படம் வந்தது. முகத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம். இருபத்திரண்டு வருடம் மற்றவர்களின் முகத்தை நாலாகக் கிழித்துப் போட்டவரின் முகத்தை ஆளுக்கொரு கைப்பேசியில் வைத்துப் பெரிதாக்கிப் பார்த்தார்கள்.

எங்கள் வகுப்பில் அன்று திருவிழாக் கூட்டம். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று கட்டங்களுக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தார்கள். "சார், அம்மாக்கள் குரூப்புக்குப் போயிடுச்சு சார்!" என்று ஒரு பெண் எழுந்து நின்று கத்தினாள். கோல் போட்டதுபோல் கைதட்டினார்கள். அதையாவது வயசுக்கோளாறு என்று விட்டுவிடலாம். சாயங்காலம் அதே வகுப்பிலிருந்து ஒருவன் ஆய்வகத்துக்கு வந்தான். முதல் செய்தி எங்கே தயாரானது என்று அவனுக்கு நன்றாகவே தெரியும். குரலைத் தாழ்த்தி என்னிடம் கேட்டான்.

"சார், நிஜமாவே அக்கா அந்த மாதிரியா?"

என் கையில் மைக் ஸ்டாண்டு இருந்தது. அதை அவன் தலையில் போடாமல் கீழே வைத்ததுதான் அந்த வாரத்தில் நான் செய்த ஒரே நல்ல காரியம் என்று நினைக்கிறேன்.

நேராக அம்புக்குறியின் அறைக்குப் போனேன்.

"போதும் சார், நிறுத்திடலாம். அக்கா பேரு நாறுது."

"இப்போ நிறுத்தினா தரவு கெட்டுடும். ஞாயித்துக்கிழமை திருத்தம் போடுவோம். திருத்தம் எப்படிப் போகுதுங்கறதும் ஆய்வுல இருக்கு."

"அதுக்குள்ள ஏதாவது ஆயிட்டா?"

"பதறாதீங்க. எல்லாம் ஒரு வாரத்துல அடங்கிடும்."

சொல்லிவிட்டு ஒரு காகிதத்தை எடுத்து அம்பு போட ஆரம்பித்தார். நான் வெளியே வந்தேன். வாசலுக்குப் போய், "பிள்ளைகளா, இது சோதனை, நான்தான் அனுப்பினேன்" என்று சொல்ல எனக்கு ஒரு நிமிடம் ஆகியிருக்கும். சொல்லவில்லை. தன் கருத்துக்கு ஆள்பலம் இல்லை என்று தோன்றினால் மனிதன் வாயை மூடிக்கொள்வான், அவன் மூட மூட எதிர்ப்பக்கத்துச் சத்தம் இன்னும் பெரிதாகும் என்று பாடத்தில் உண்டு. மௌனச் சுழல் என்பார்கள். கேட்க அழகாக இருக்கிறது. என் மனைவி அதையே பயந்தாங்கொள்ளி என்பாள்.

வெள்ளிக்கிழமை அக்கா வழக்கம்போல் எட்டரைக்குக் கடையைத் திறந்தார். அவர் குரூப் எதிலும் இல்லை, அவருக்கு ஒன்றும் தெரியாது. திறந்ததே குற்றமாகிவிட்டது. யாரையோ சரிக்கட்டிவிட்டார் என்றார்கள். பத்து மணிக்கு ஒரு மாணவியின் அம்மா வந்து ஜன்னல் பலகையில் ஓங்கி அறைந்தார். "எம்பொண்ணு போட்டோவை எடுறீ வெளிய!" என்றார். அக்கா புரியாமல், "எந்தப் போட்டோம்மா? காப்பி எடுக்கக் குடுத்தீங்களா?" என்று கேட்டதை நாலு பேர் படம் பிடித்தார்கள். நடிக்கிறாள் பார் என்று அதுவும் போனது. சனிக்கிழமை, விசாரணை முடியும் வரை என்று அலுவலகத்திலிருந்து வந்து அறைக்குப் பூட்டுப் போட்டார்கள். விசாரணை என்று ஒன்று நடக்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நான் அதே பூப்படக் கைப்பேசியிலிருந்து, வந்த செய்தி பொய் என்று அனுப்பினேன். முதல் செய்தி இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினாறு பேருக்குப் போயிருந்தது. திருத்தம் குரூப்பைத் தாண்டிப் பதினோரு பேருக்குப் போனது. அதில் ஒருவர் கட்டைவிரல் காட்டினார். வரைபடத்தில் திருத்தத்தின் கோடு மேலே ஏறவே இல்லை என்று அம்புக்குறிக்கு ஒரே சந்தோஷம். இதுதான் கட்டுரையின் உயிர் என்றார்.

அன்று சாயங்காலம் அக்காவைப் பார்க்கப் போனேன். தம்பி தொலைக்காட்சியைச் சத்தமில்லாமல் ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி மனைவி தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, "கொஞ்ச நாள் வெளிய தலை காட்ட வேணாம்னு அண்ணிகிட்ட சொல்லியிருக்கோம்" என்றார். தம்பி மகள் இருந்த உள் அறைக் கதவு சாத்தியிருந்தது. அக்கா வந்து என் எதிரில் உட்கார்ந்தார். தம்பி மகள் மூன்று நாளாக அத்தையோடு பேசவில்லை. அந்தச் சிவப்பு வட்டப் படம் அவளுக்கும் வந்தது. இது என் அத்தை என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்தால் சந்தேகப்படுவார்களோ என்று அவளும் ஒரு கோபப் பொம்மை சேர்த்து இன்னொரு குரூப்புக்கு அனுப்பினாள். அவள் தன் அம்மாவிடம் ஒப்புக்கொண்ட இதை எனக்கு அக்காதான் சொன்னார், குழந்தை காய்ச்சலில் உளறியதைச் சொல்வதுபோல் சாதாரணமாகச் சொன்னார்.

"லேப் சார், நீங்க உள்ள இருக்குற ஆளு. இது எங்கேர்ந்து கிளம்புச்சுன்னு ஏதாவது தெரியுதா?"

"விசாரிக்கிறேன் அக்கா."

"யார் மேலயும் எனக்குக் கோவம் இல்ல. கேஸு கீஸு எதுவும் வேணாம். ஒரு தாள்ல இது பொய்னு எழுதி, யாராவது ஒருத்தர் கையெழுத்துப் போட்டு நோட்டீஸ் போர்டுல ஒட்டினா போதும். என் ரூமை எனக்குத் திறந்து விட்டுடுவாங்க. சும்மா சொன்னா யாரு நம்புவா? கையெழுத்து இருக்கணும்."

"சொல்றேன் அக்கா."

விசாரிக்கிறேன் என்று எந்த நாக்கால் சொன்னேனோ, அதை வைத்துக்கொண்டுதான் இன்னும் சாப்பிடுகிறேன்.

மறுநாள் அம்புக்குறியிடம் கேட்டேன். கட்டுரை வெளியாகட்டும் என்றார். அதற்குமுன் சொன்னால் எந்த இதழும் ஏற்றுக்கொள்ளாது என்றார். ஏழு மாதம் ஆனது. இடையில் அக்காவின் அறையைச் சுத்தம் செய்து, டிஜிட்டல் சேவை மையம் என்று பலகை மாட்டி, ஆளுயரத் தொடுதிரை ஒன்றை நிறுத்தினார்கள். முதல் வாரமே அதில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது. இன்னும் சுற்றுகிறது. அக்கா பேருந்து நிலையத்துக்கு எதிரே இன்னொருவர் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். நாலு மெஷின் உள்ள கடை. முன்னால் உட்கார்ந்தால் வருகிறவர்கள் அடையாளம் கண்டு ஏதாவது கேட்கிறார்கள் என்று முதலாளி அவரைப் பின்னால் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார வைத்திருந்தார்.

கட்டுரை வெளியானது. அதைப் பற்றி எங்கள் கல்லூரியிலேயே ஒரு கருத்தரங்கு வைத்தார்கள். நாற்பது காப்பி எடுத்து வரச் சொல்லி அம்புக்குறி என்னிடம் கொடுத்தார். அலுவலக மெஷின் படுத்துவிட்டிருந்தது. வழியில் வேறு கடைகளும் இருந்தன. நான் அக்கா இருக்கும் கடைக்குப் போனேன். குற்றவுணர்ச்சி என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். காப்பி நேராக விழ வேண்டுமே என்ற கவலையும் இருந்தது.

அக்கா தாள்களை வாங்கி, வழக்கம்போல் முதல் பக்கத்தைப் படித்தார். அடிக்குறிப்பு வரை. அங்கே பொடி எழுத்தில் இப்படி இருந்தது: முதல் செய்தியை அனுப்பி உதவிய ஆய்வக உதவியாளருக்கு நன்றி. அது இருப்பது எனக்குத் தெரியாது. நான் கட்டுரையைப் படித்திருக்கவில்லை.

அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஆம் என்று தலையை ஆட்டினேன். எனக்குத் தெரிந்து முதல் முறையாக அக்கா இரண்டாவது பக்கத்தைப் புரட்டினார். பதினான்கு பக்கத்தையும் நின்றபடியே படித்தார். முன்னாலிருந்து முதலாளி இரண்டு தடவை குரல் கொடுத்தார். ஆறாம் பக்கத்தில், பொருள் அ என்ற தலைப்பின்கீழ், வளாகத்தில் சிறு சேவை வழங்கும் நடுவயதுப் பெண் என்று இருந்தது. பொருள் அ-வின் எதிர்வினை இந்த ஆய்வின் எல்லைக்கு உட்பட்டதன்று என்றும் இருந்தது. அதற்குக் கீழே அந்தப் பழைய படம். ஒரிஜினல் தொலைந்துபோனதால் அம்புக்குறி அதை ஏதோ மாணவனின் காப்பியிலிருந்து எடுத்துப் போட்டிருந்தார்.

"இதுலயும் அந்த அம்பு இல்ல" என்றார் அக்கா.

"அக்கா..."

"வெளிய உக்காருங்க லேப் சார். அரை மணி நேரம் ஆகும்."

நாற்பது காப்பியும் பின் அடித்து, விளிம்பு பிசகாமல் வந்தன. பிரித்துப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

கருத்தரங்கில் அம்புக்குறி ஆறாம் பக்கத்தைத் திருப்பச் சொன்னார். நாற்பது பேரும் திருப்பினார்கள். படத்தின் கீழே, ஸ்கேல் வைத்து வரைந்த புள்ளிக்கோட்டு அம்பு ஒன்று பெறுநரிடமிருந்து அனுப்புநருக்குத் திரும்பிப் போனது. அதற்கடியில் குண்டு குண்டான கையெழுத்தில்: பொருள் அ நான்தான். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்க நினைத்தால் கூப்பிடுங்கள். பக்கத்தில் அவருடைய எண்.

அம்புக்குறியின் முகத்தில் இரண்டு விநாடி ஒன்றுமே இல்லை. வெளியூரிலிருந்து வந்த சிறப்பு விருந்தினர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அற்புதம்! ஆய்வுக்கு உள்ளானவரையே ஆய்வேட்டுக்குள் கொண்டுவந்திருக்கிறீர்கள்" என்றார். அம்புக்குறி சிரித்தார். சமூகத்தின் பின்னூட்டம் இல்லாமல் எந்த ஆய்வும் முழுமையாகாது என்பதுதான் எங்கள் துறையின் கொள்கை என்றார். கைதட்டினார்கள். எழுந்து நின்று கைதட்டியவர்களும் உண்டு. கேள்வி கேட்பவர்களிடம் நீட்டுவதற்காக ஒயரில்லாத மைக்கை நான்தான் கையில் வைத்திருந்தேன். பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வாயருகே ஒரு சாண் தூக்கியிருந்தால் போதும். மூன்றாவது வரிசையில் ஒருவர் கை தூக்கினார், அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஒரு வாரம் தூக்கம் சரியாக இல்லை. பிறகு உட்கார்ந்து ஒரு தாள் எழுதினேன். ஜெராக்ஸ் கடையைப் பற்றி வந்த செய்தி முழுப் பொய், அது துறை நடத்திய சோதனை, அக்கா எந்தத் தவறும் செய்யவில்லை. மூன்று முறை அடித்துத் திருத்தி, நல்ல தாளில் எடுத்து எழுதிக்கொண்டு கடைக்குப் போனேன்.

"யாராவது கூப்பிட்டாங்களா அக்கா?"

"ஒருத்தர் கூப்பிட்டாரு."

"என்ன கேட்டாரு?"

"பேப்பரோட சாஃப்ட் காப்பி கிடைக்குமான்னு கேட்டாரு."

சொல்லிவிட்டு அக்கா சிரித்தார். நான் சிரிக்கவில்லை. தாளை எடுத்து நீட்டினேன்.

"நோட்டீஸ் போர்டுல ஒட்டப் போறேன். எல்லா வகுப்புலயும் ஒட்டுறேன். நாப்பது காப்பி போடுங்க அக்கா."

அக்கா வாங்கி முதல் வரியிலிருந்து படித்தார். அவசரப்படவில்லை. கடைசி வரியைப் படித்து முடித்துவிட்டு, அதற்குக் கீழே வெறுமையாக இருந்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார்.

"கீழ யாரு பேரும் இல்லையே லேப் சார்."

மறந்துவிட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். மறக்கவில்லை. மூன்று முறை திருத்தி எழுதியவன் மூன்று முறையும் அந்த இடத்தைத் தாண்டித்தான் வந்திருக்கிறேன். என்னைப் பார்த்தே எனக்கு அருவருப்பாக இருந்தது.

அக்கா காதோரம் செருகியிருந்த பேனாவை எடுத்து என் பக்கம் தள்ளினார். கையெழுத்துப் போட்டேன். பெயரையும் எழுதச் சொன்னார், எழுதினேன். யார் அனுப்பியது என்பதையும் எழுதச் சொன்னார், அதையும் எழுதினேன். அவர் இன்னொரு தடவை முழுவதும் படித்தார். தாள் நேராக இருக்கிறதா என்று பார்த்து, கண்ணாடிமேல் வைத்து மூடியை மூடினார்.